பகையாளி எழுதும் கடைசி அத்தியாயம்

ஒருவரையொருவர் கண்டாலே ஆகாதவர்கள் மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம் என்று விதி வைத்த சங்கம் ஒன்று எங்கள் எதிர்வீட்டு மாடியில் இருந்தது. நான் ஒன்றும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லவில்லை. ‘மர்மக் கதை எழுத்தாளர் சங்கம், அயனாவரம்’ என்று பச்சை நிறப் பலகை தொங்கியதைத் தெருவே பார்த்திருக்கிறது. உள்ளே போகிறவர்கள் செருப்பைக்கூட அடுத்தவர் செருப்பிலிருந்து தள்ளித்தான் கழற்றுவார்கள். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் கூடம் முழுக்கத் தெரியும். நான் எட்டிப் பார்க்கிறேன் என்று சிலர் பேசுவார்கள். வீடு கட்டினவன் ஜன்னலை அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனால் நான் என்ன செய்ய முடியும்?

இந்தக் கூத்தெல்லாம் கோடாங்கியால் வந்தது.

கோடாங்கி என்பது போனில் வரும் ஒரு செயலி. வேறு ஏதோ பெரிய பெயர் வைத்துத்தான் வெளியிட்டார்கள். ஆனால் பதில் சொல்லும் முன், குறி சொல்பவர்கள் அடிப்பது போல உடுக்கைச் சத்தம் ஒன்று வரும்படி அமைத்திருந்ததால் ஜனங்கள் கோடாங்கி என்றே கூப்பிட்டார்கள். ஒரு கதையின் முதல் சில அத்தியாயங்களைக் காட்டினால் போதும். உடுக்கை அடிக்கும். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு முடிவைச் சொல்லிவிடும். கொலை செய்தது யார், எதற்குச் செய்தான், கடைசியில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் எல்லாம்.

அதுவரை மாத நாவல்கள் எங்கள் பக்கம் நன்றாகவே ஓடின. கோடாங்கி வந்த பிறகு பாஸ்கர் டீக்கடையில் நடந்த பேச்சை நானே கேட்டேன்.

“இன்னா மாமே, புது நாவலா? யாரு கொலைகாரன்?”

“சித்தப்பாதான். இப்பத்தான் கோடாங்கி சொல்லிச்சு.”

“அப்ப அத்த இங்கயே வெச்சிட்டுப் போ. வடை மடிக்க ஆவும்.”

இப்படித்தான் மர்ம நாவல் என்ற தொழில் வடை மடிக்கும் தொழிலாக மாறியது. அடுத்தவர் ரகசியத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் மனிதர்களுக்கு என்ன ஆனந்தமோ! எனக்கு அது புரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். விடுங்கள்.

எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் நஸ்ரின் இந்த மாதிரி செயலிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டேன்.

“ஏண்டி நஸ்ரின், மூணு அத்தியாயத்தப் படிச்சிட்டு மீதிய எப்படிச் சொல்லுது?”

“அது கதையப் படிக்கிறதில்ல ரேணுகாக்கா. எழுதின ஆளப் படிக்குது.”

“ஆளையா?”

“அவங்க அதுவரைக்கும் எழுதினதெல்லாம் அதுக்கிட்ட இருக்கு. இவருக்கு எதுமேல ஆசை, எதுக்குப் பயம், யாரைக் காப்பாத்தணும்னு உள்ளுக்குள்ள தவிக்கிறாரு, எல்லாம் அதுக்குத் தெரியும். கதையோட முடிவு கதைல இல்லக்கா. எழுதறவங்க மனசுல இருக்கு.”

எழுத்தாளர்களுக்கு இந்த விஷயத்தை முதலில் புரியவைத்தவர் தில்லைநாயகம். துப்பறியும் கதைகள் எழுதுபவர். தும்பைப் பூப்போல வேட்டி, பேச்சில் ஒரு வழவழப்பு, என் வீட்டு கேட்டை அடைத்து வண்டி நிறுத்துகிற குணம். எதிர்வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து, வேலையில்லாமல் திரிந்த எழுத்தாளர்களைக் கூட்டி அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

“அது நம்ம மனசப் படிக்குது இல்லியா? அப்ப கடைசி அத்தியாயத்த நாம எழுத வேணாம்யா! நம்மளப் பிடிக்காதவன் எழுதட்டும்!”

இப்படித்தான் பகையாளி அத்தியாயம் பிறந்தது. ஒருவர் நாவலை எழுதுவார், கடைசி அத்தியாயம் தவிர. அதை அவரை அடியோடு வெறுக்கும் இன்னொரு உறுப்பினர் எழுதுவார். யார் எழுதுகிறார் என்பது வெளியாருக்குத் தெரியாது. தன் கதாநாயகனுக்கு என்ன கதி என்பது, அந்த அத்தியாயம் சங்கத்தில் வாசிக்கப்படும்வரை எழுதியவருக்கே தெரியாது.

வாசிப்பதற்கும் ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். முதல் அத்தியாயங்களைக் கோடாங்கியிடம் காட்டி, அது பதிலைத் தயார் செய்ததும் அந்தப் போனை மேசைமேல் வைத்து இட்லிக் குண்டான் மூடியால் மூடிவிடுவார்கள். பகையாளி எழுந்து கடைசி அத்தியாயத்தை வாசிப்பார். அப்புறம் தில்லைநாயகம் மூடியைத் தூக்குவார். உடுக்கை அடிக்கும். கோடாங்கி ஒன்று சொல்லும், கதை வேறொன்றாக இருக்கும். கூடம் அதிரக் கை தட்டுவார்கள். நாவலின் அட்டையில் ‘கோடாங்கிக்குத் தப்பியது’ என்று சிவப்பு முத்திரை விழும்.

அந்த முத்திரைக்கு ஜனங்கள் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். முடிவு தெரியாத ஒரு பொருளைக் கையில் பிடித்து எத்தனை காலமாயிற்று! சங்கத்துக்கு ஏசி வந்தது. பலகையில் ‘அகில இந்திய’ என்ற சொல் சேர்ந்தது. பேய்க்கதைக்காரர்கள், விண்வெளிக் கதைக்காரர்கள், ஏன், குடும்ப நாவல்காரர்கள்கூட வரிசையில் நின்றார்கள். முத்திரை இல்லாத நாவலைப் பதிப்பாளர்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் பகை என்பது கரியடுப்பு மாதிரி. விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பகை ஜோடிகள் தங்களுக்குள் நல்லபடியாகப் பேசக்கூடாது என்று விதி போட்டார்கள். மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு ஜோடியும் எழுந்து நின்று திட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் யாரும் சினிமாவுக்குப் போகவில்லை. நான் சுண்டல்கூடச் செய்து வைத்துக்கொள்வேன்.

அங்கே நட்சத்திர ஜோடி என்றால் ஆரோக்கியராஜும் கற்பகவல்லியும்தான். ஆரோக்கியராஜ் பெரம்பூர்க்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர்தான் ஆரோக்கியம், எழுதுவதெல்லாம் விஷம் வைத்துக் கொல்லும் கதைகள். கற்பகவல்லி பேய்க்கதை எழுதுபவர். கணவனை விட்டு வந்து, பூட்டிக் கிடக்கும் ரயில்வே பங்களாவில் உலாவும் நீலவேணி என்ற பேயை எழுதியே தன் வயிற்றைக் கழுவிக்கொண்டவர். நீலவேணிக்கு வாசகர்கள் அதிகம். கற்பகவல்லி வேறு எதை எழுதினாலும் பதிப்பாளர்கள், ‘அம்மா, பேய் எங்கம்மா?’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இவர்கள் பகைக்கு மூலம், ஆரோக்கியராஜ் எழுதிய ஒரு மதிப்புரை. ‘நீலவேணி படியேறும் வேகத்தைப் பார்த்தால் பேய்க்கு முட்டிவலி போலிருக்கிறது’ என்று எழுதிவிட்டார். அடுத்த நாவலிலேயே ஆரோக்கியம் என்ற ஒருவன் வாழைப்பழத் தோலில் வழுக்கிச் செத்தான்.

கூட்டத்தில் கேட்க வேண்டுமே!

“யோவ், உன் கதைல விஷம் குடிச்சவன் அஞ்சு பக்கம் வசனம் பேசறான். அது விஷமா, வெல்லப் பாகா?”

“உன் பேய் கண்ணாடி பாத்துப் பொட்டு வைக்குதேம்மா. பேய்க்கு எதுக்கும்மா பொட்டு? கல்யாணத்துக்குப் போவுதா?”

“உங்க வீட்டுக் கல்யாணம்னா வராது. சாப்பாட்டுல நீ என்னத்தக் கலந்தியோ!”

எல்லாரும் இவர்களைப் போல இயல்பாக வெறுக்கத் தெரிந்தவர்களா? ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தார். விண்வெளிக் கதை எழுதுபவர். யாரையும் வெறுக்கத் தெரியாத பாவப்பட்ட ஜென்மம். தன் பகையாளியைப் பார்த்து, “வாங்க சார், சாப்டாச்சா?” என்று கேட்டுவிடுவார். அவர் எழுதிய கடைசி அத்தியாயங்களைக் கோடாங்கி அப்படியே சொல்லிவிடும். முத்திரை போயிற்று. தில்லைநாயகம் ஒரு ஏற்பாடு செய்தார்.

அடுத்த கூட்டத்தில் ஏகாம்பரத்தின் பகையாளி எழுந்து நின்று எதுவும் பேசவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து, வாயைக் கோணிக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடந்தார். ஏகாம்பரத்தின் மனைவி பக்கவாதத்துக்குப் பிறகு அப்படித்தான் நடப்பார். மார்க்கெட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சிரித்தார்கள். நான் சுண்டலைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மாதம் ஏகாம்பரம் எழுதிய அத்தியாயத்தைக் கேட்டு எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கோடாங்கி கிட்டத்தில்கூட வரவில்லை. “பாத்தீங்களாய்யா, திறமை இருக்கு! தட்டி எழுப்பத்தான் ஆள் வேணும்!” என்று தில்லைநாயகம் அவர் முதுகில் தட்டினார். ஏகாம்பரம் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்ட விதம் எனக்கு மட்டும்தான் கண்ணில் பட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. எங்கள் பகுதியில் சர்க்கரைக்காரர்கள் எல்லாம் போவது மார்க்கெட் முனையில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து காத்திருந்து, மறுபடி கொடுக்க வேண்டும். அந்த இடைப்பட்ட நேரத்தில் செய்வதற்கு உலகத்தில் ஒரு வேலையும் கிடையாது. சங்கத்தின் விதிகளை எழுதியவர்களுக்கு இது தோன்றவே இல்லை.

அங்கே ஒரே பெஞ்சில் ஆரோக்கியராஜும் கற்பகவல்லியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவருடைய தொப்பி. நான் பின்னால் உட்கார்ந்து துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். மறைந்துகொண்டேன் என்று சொல்லாதீர்கள், ஃபேன் காற்று ஜில்லென்று இருந்தது.

இருவர் கையிலும் பஞ்சு. ஆரோக்கியராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“போன புஸ்தகத்துல ஒரு இடம். நீலவேணி குழாய்த் தண்ணியத் திறந்துவிட்டு, சும்மா அது ஓடறதப் பாத்துக்கினு நிப்பா.”

“அதுக்கு என்ன இப்போ? தண்ணி வீணாப்போச்சா?”

“இல்ல. நல்லா இருந்துச்சு.”

கற்பகவல்லி திரும்பிப் பார்த்தார். “அதெல்லாம் படிக்கிறீங்களா?”

“திட்டணும்னா படிக்க வேணாமா?”

“என் பொண்ணே படிக்கிறதில்ல.”

“நான் ரெண்டு தடவை படிப்பேன். ஒழுங்காத் திட்டணும்ல.”

அவர் சிரிக்கவில்லை. இந்த அம்மாளும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுக்க வந்தார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கும் அதே நாள்தான் சௌகரியப்பட்டது. மெஸ்ஸில் அவர் தன் இட்லிக்கு வந்த காரச் சட்னியை அந்த அம்மாள் பக்கம் தள்ளுவார். அந்த அம்மாள் தொட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மட்டும் வழக்கம்போல, “போடா விஷப் பாட்டில்!” “போடி புளியமரமே!” என்று தெரு கிழியும்.

இத்தனை விஷயம் வாய்க்குள் இருந்தும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏனென்று எனக்கே தெரியவில்லை. நல்ல எண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு அது நடந்தது. கற்பகவல்லியின் புது நாவலுக்கு ஆரோக்கியராஜ் கடைசி அத்தியாயம் வாசித்தார். மூடியைத் தூக்கினார்கள். உடுக்கை அடித்தது. கோடாங்கி சொன்னதும் அவர் எழுதியதும் ஒன்றாக இருந்தன. ஏதோ தவறு என்று சமாளித்தார்கள். அடுத்து ஆரோக்கியராஜின் நாவலுக்குக் கற்பகவல்லி எழுதினார். அதையும் கோடாங்கி சொல்லிவிட்டது. அதிலிருந்த போலீஸ்காரர் ஓய்வு பெற்று மீன் பிடிக்கப் போவதுகூட அதற்குத் தெரிந்திருந்தது.

நஸ்ரினைப் பிடித்தேன்.

“பகையாளி எழுதினதையும் எப்படிடி சொல்லுது?”

அவள் நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே யோசித்தாள். “அது பகையாளியப் படிக்கலக்கா. அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். எழுத ஆரம்பிச்சவங்க மனசுக்குள்ள என்ன முடிவ விரும்பினாங்கன்றது. உன்ன வெறுக்கிறவன் உன் மனசுல இருக்கறதத் தவிர மீதி எத வேணா எழுதுவான். அதனாலதான் இது தோத்துச்சு. ஆனா ஒருத்தரு உன் மனசுல இருக்கிறதையே எழுதினா...”

“எழுதினா?”

“எழுதினா அவரு பகையாளி இல்ல” என்றாள் நஸ்ரின்.

இதே கணக்கைத் தில்லைநாயகமும் போட்டிருக்க வேண்டும். மறுநாளே என் வீட்டு வாசலில் வந்து நின்றார், வண்டியை வழக்கம்போல கேட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு.

“என்னம்மா, சௌக்கியமா? ஒண்ணுமில்ல, நம்ம சங்கத்துல ரெண்டு பேரு... வெளில எங்கயாவது ஒண்ணா பாத்தீங்களா? நீங்க பாக்காததா இந்தப் பேட்டைல!”

“எந்த ரெண்டு பேரு?”

“அதான், ஆரோக்கியமும் அந்தம்மாவும்.”

“எனக்கு அடுத்தவங்க விஷயம் எதுக்கு சார்?” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவர் வண்டியை ஒரு பார்வை பார்த்தேன். கேட்டை மறிக்காமல் அவர் ஒருநாளாவது நிறுத்தியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

விசாரணைக் கூட்டம் கூடியது. அன்று எங்கள் ஜன்னலில் என்னோடு மூன்றாம் வீட்டு மரகதமும் இருந்தாள். கூடத்தில் நிற்க இடமில்லை.

தில்லைநாயகம் பேசினார். “இது சங்கத்தோட மானப் பிரச்சன. இவங்க ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள கைகோத்துக்கிட்டாங்கன்னு சந்தேகம். அதனால ஒரு சோதன. கற்பகவல்லியோட புது நீலவேணி நாவல் இங்க இருக்கு. முன்பகுதியக் கோடாங்கிகிட்ட காட்டியாச்சு. போன் மூடிக்குள்ள இருக்கு. ஆரோக்கியராஜ் இங்கயே, எல்லார் முன்னாடியும் உக்காந்து கடைசி அத்தியாயம் எழுதணும். கோடாங்கி தோத்தா முத்திரை இருக்கும். ஜெயிச்சா ரெண்டு பேருக்கும் முத்திரை கிடையாது. இனிமே எப்பவும் கிடையாது.”

கற்பகவல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்திரை போனால் நீலவேணியை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். நீலவேணி இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. இது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். எனவேதான் இவ்வளவு கூட்டம்.

“எழுதுய்யா விஷப் பாட்டில்!” என்று யாரோ கத்தினார்கள். “கொன்னுப் போடு அந்தப் பேய!”

ஆரோக்கியராஜ் மூலையில் உட்கார்ந்தார். நாவலை அங்கேயே படித்தார். நடுவே ஒரு பக்கத்துக்குத் திரும்பிப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுதினார். எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்து, நான் போய் அணைத்துவிட்டு வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார்.

வாசித்தார். ரயில்வே அந்தப் பழைய பங்களாவை இடிக்க ஆள் அனுப்புகிறது. நீலவேணி எதிர்க்கவில்லை. யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. கூரை போகிறது, சுவர் போகிறது. அவள் இத்தனை காலம் ஒளிந்திருந்த இடத்தில் வெயில் விழுகிறது. அவள் அந்த வெயிலுக்குள் போய் நிற்கிறாள். அப்புறம் அங்கே வெயில் மட்டும் இருக்கிறது. இனி நீலவேணி கதை கிடையாது.

கூடமே எழுந்து குதித்தது. ஒரு எழுத்தாளரின் சோற்றுப் பானையையே போட்டு உடைத்துவிட்டாரே! தில்லைநாயகத்துக்கு முகமெல்லாம் பல். “இதுய்யா பகை! சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிரு ஆரோக்கியம்!”

“அடப்பாவி, இப்படியா பண்ணுவான்?” என்று மரகதம் என் கையைக் கிள்ளினாள்.

தில்லைநாயகம் மூடியைத் தூக்கினார். உடுக்கை அடித்தது. கோடாங்கி தொண்டையைக் கனைத்தது.

“பங்களா இடியும். நீலவேணிக்கு விடுதலை. இனி அவள் வரமாட்டாள்.”

எல்லாத் தலைகளும் கற்பகவல்லியின் பக்கம் திரும்பின. கோடாங்கி சொல்வது எழுதியவரின் மனசிலிருப்பதைத்தானே!

“ஆமா” என்றார் கற்பகவல்லி. குரல் கீச்சென்று வந்தது. “எனக்கு அலுத்துப்போச்சு. எத்தினி வருஷம்தான் அந்தப் பங்களாவுலயே நானும் அவளும் கெடக்கிறது? முடிச்சா சோறு இல்ல. முடிக்கலன்னா மூச்சு இல்ல. யார்கிட்ட சொல்லுவேன்?”

“இவர்கிட்ட சொன்னீங்களா?” என்றார் தில்லைநாயகம்.

“யார்கிட்டயும் சொல்லல!”

“அப்ப உமக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?”

ஆரோக்கியராஜ் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். “நாலாவது புஸ்தகத்துலேர்ந்து அவ நடந்தா கொலுசுச் சத்தம் கேக்கல. அதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் கேக்கும். அவளக் கெளம்பத் தயார் பண்ணிட்டு, அனுப்ப மனசில்லாம வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். திட்டறதுக்காகத்தான் படிச்சேன். நீங்க யாரும் படிக்கலியா?”

பகையாளியின் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பது அவர்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. கடைசிப் பக்கத்தில் எதையாவது எரித்துவிட்டுப் போவார்கள்.

“தெரிஞ்சும் ஏன்யா அதையே எழுதின? வேற எதையாவது எழுதியிருந்தா தப்பிச்சிருப்பீங்களே, ரெண்டு பேரும்!” என்றார் தில்லைநாயகம்.

“ஊரையே ஏமாத்தி எழுதறதுதான் என் வேல. இந்த ஒரு எடத்துல கை வரல.”

அப்போது கற்பகவல்லி எழுந்தார். மேசையிலிருந்த இட்லிக் குண்டான் மூடியை எடுத்தார். “என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு நிக்கிறான் பாரு! உன்ன யாருய்யா படிக்கச் சொன்னா?” என்று ஆரோக்கியராஜைப் பார்த்து வீசினார். அது அவரைத் தாண்டிப் போய்த் தில்லைநாயகத்தின் நெற்றியைப் பதம் பார்த்தது. அந்த அம்மாள் அழுதாரா, சிரித்தாரா என்று மரகதத்துக்கும் எனக்கும் இன்றுவரை வாக்குவாதம். விடுவிடுவென்று படியிறங்கித் தெருவில் நடந்தார். கைப்பையை மறந்துவிட்டிருந்தார். ஆரோக்கியராஜ் அதைத் தூக்கிக்கொண்டு, கிட்டேயும் போகாமல் விட்டும் விடாமல், பின்னாலேயே போனார். திருப்பத்தில் இருவரும் மறைந்தார்கள்.

இருவரையும் நீக்கினார்கள். ஆனால் சங்கத்துக்கு அன்றைக்கே நோய் கண்டுவிட்டது. பகையாளியை ஆழமாகப் படித்தால் பிடித்துப்போய்விடும் என்று பயந்து, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் படிப்பதை அடியோடு நிறுத்தினார்கள். படிக்காமல் வெறுத்தால் என்ன எழுத வரும்? எல்லாரும் கடைசி அத்தியாயத்தில் லாரியை விட்டு ஏற்றினார்கள். வெறுப்புக்குக் கற்பனை வற்றிப்போயிற்று. கோடாங்கி அதையும் கற்றுக்கொண்டது.

“எப்டி முடியுது மாமே?”

“லாரி!” என்று டீக்கடை முழுக்கச் சேர்ந்து சொல்லும். அதற்குக் கோடாங்கிகூடத் தேவைப்படவில்லை.

கடைசிப் பொதுக்குழுவுக்குத் தில்லைநாயகமும் அவருடைய பகையாளியும் மட்டும்தான் வந்தார்கள். திட்டிக்கொள்ளவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். பலகையைக் கழற்றியவர்கள் ‘அகில இந்திய’ என்ற துண்டை மட்டும் எங்கள் கேட்டோரம் போட்டுவிட்டுப் போனார்கள். ஏகாம்பரம் இன்றும் மார்க்கெட்டுக்கு வருவார். வாங்க சார், சாப்டாச்சா என்று நாமாகக் கேட்டால்கூட முறைத்துவிட்டு எச்சில் துப்புவார். சங்கம் கலைந்தும், அவருக்குக் கற்றுக்கொடுத்தது கலையவில்லை.

ஆரோக்கியராஜையும் கற்பகவல்லியையும் அதற்குப் பிறகு பரிசோதனைக் கூடத்தில் காணோம். நான் வேறு வேறு நாளில் எல்லாம் போய்ப் பார்த்தேன். கை முழுக்க ஊசிக்குத்துதான் மிச்சம். கடைசியில் பொறுக்கமாட்டாமல் நஸ்ரினிடம் போனேன். இதுவரை உங்களுக்குச் சொன்னதையெல்லாம், கைப்பையோடு அவர் பின்னால் போனதுவரை, அவள் போனில் சொல்லிக் கோடாங்கியிடம் கொடுத்தேன்.

“கடைசில என்ன ஆச்சுன்னு கேளுடி.”

உடுக்கை அடித்தது.

“இருவரும் சண்டையிட்டுப் பிரிவார்கள். கற்பகவல்லி பிழைப்பில்லாமல் ஊரை விட்டுப் போவார். இதைச் சொல்பவர் அந்தச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்வார்.”

நஸ்ரின் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“அக்கா, அது... அவங்களப் பத்திச் சொல்லலக்கா.”

“தெரியும்டி. அது கதையப் படிக்காது. ஆளப் படிக்கும்.” எனக்குக் காது சுட்டது. “உன் கம்பெனிய இழுத்து மூடச் சொல்லு. மொதல்ல வாடகைய ஏத்தறேன் பாரு.”

போன வாரம் எதிர்வீட்டு மாடியில் ‘வாடகைக்கு’ அட்டை தொங்கியது. நேற்றுக் காலை, நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கும்போது அங்கே ஆள் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட, காலிக் கூடத்துக்குள் ஆரோக்கியராஜ் நுழைந்தார். பின்னாலேயே கற்பகவல்லி. கையில் அதே பை. அந்த அம்மாள் நடுக்கூடத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து, அவரைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

என் கை ஜன்னல் கதவில் இருந்தது. இன்னும் கொஞ்சம் திறந்திருந்தால் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கலாம். நான் அதைச் சாத்தினேன். கொக்கியையும் போட்டேன். சாத்துவதற்குள் காதில் விழுந்தது விழுந்ததுதான்; அதற்கு நான் பொறுப்பில்லை.

மரகதம் மூச்சு வாங்க ஓடிவந்தாள். “ரேணுகாக்கா! எதிர்ல யாரு வந்தா பாத்தீங்களா? ஒண்ணா வந்தாங்களா? குடி வராங்களா? சண்டையா? சொல்லுங்கக்கா!”

“எனக்கு என்னடி தெரியும்? நான் கறிவேப்பில உருவிக்கிட்டிருந்தேன்.”

“உங்களுக்கா தெரியாது?” என்று மரகதம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று.

அவள் நம்பவில்லை. கோடாங்கியும் நம்பியிருக்காது.